முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் முன்



1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் அமைந்தது முதல் முனைவர் பட்டம் நம் ஊருக்குப் புதிதன்று. ஆயினும் பொது நிர்வாகத்தில், அரசின் திட்டங்கள் நம் வாசலை எவ்வாறு வந்தடைகின்றன என ஆராயும் அத்துறையில், ஆய்வு செய்ய முன்வரும் நம் பிள்ளைகள் மிகச் சிலரே.

விண்ணப்பத்தில் பலரும் இடறுவது தலைப்பில்தான். 'இந்தியாவில் வறுமை ஒழிப்பு' என்றெழுதினால் எந்த நெறியாளரும் தயங்குவார். 2024இல் கோட்டையூர், கண்டனூர் முதலிய பகுதிகளை இணைத்துக் காரைக்குடி மாநகராட்சியானது. அப்பகுதிகளின் வரியும் குடிநீரும் எவ்வாறு மாறின? இக்கேள்வியே ஓர் ஆய்வுக்குப் போதும். ஆவணங்களைத் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதுமில்லை.

பொது நிர்வாகம் நெட் தேர்வில் தனிப் பாடம். 2024 முதல் அம்மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டத்திற்கும் விண்ணப்பிக்கலாம். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டதால், நெட் வழிக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையே இன்று பெருந்துணை.

இங்கேதான் ஒரு சான்றிதழ் காலை வாரிவிடுகிறது. மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்று மட்டும் நெட் தேர்வுக்குப் போதாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைமார் மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளனர். கிரீமிலேயரில் வராதவர் என்னும் தனிச் சான்று அதற்கு வேண்டும். இதை அறியாத நம் மாணவர் ஒருவர் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துச் சொற்ப மதிப்பெண்ணில் வாய்ப்பிழந்தார். முன்னரே சொல்லாதது நம் குறை.

சான்று பெற விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். இ-சேவை மையத்திற்கு நாங்களும் உடன் வருகிறோம்.