வினவும் நாவும் விடைகூறும் பொறுப்பும்



வழக்கறிஞர் தொழில் பிறருக்காகப் பேசும் தொழில். கட்சி அரசியலும் பிறருக்காகப் பேசுவதாகவே சொல்லிக்கொள்கிறது. இரண்டும் ஒருவரிடம் கூடும்போது ஒரு வினா எழுகிறது. நேற்றுவரை அரசை நோக்கி வினவிய நா, தானே அரசாகும் நாளில் விடைகூற முன்வருமா? வ.உ.சி., இராஜாஜி என வழக்கறிஞராயிருந்து பொதுவாழ்வு புகுந்தோர் தமிழகத்தில் பலர். இவ்வினாவின் இரு பக்கங்களிலும் நின்றவர் என்ற வகையில் வி.ஆர். கிருஷ்ணய்யரின் வாழ்வு தனித்து எண்ணத்தக்கது.

1915இல் பாலக்காட்டில் பிறந்த அவர், தலச்சேரியில் வழக்கறிஞராக விளங்கினார். உழவர், தொழிலாளர் வழக்குகளை விரும்பி ஏற்றார். பொதுவுடைமையாளருக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் ஒரு மாதம் சிறை வைக்கப்பட்டார். கட்சிக்காரரைக் காணச் சென்ற சிறையைக் கைதியாக இருந்தும் கண்டார். 1952இல் கூத்துப்பறம்பில் சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். மலபார் அந்நாளில் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. முதலமைச்சர் இருக்கையில் சேலத்து வழக்கறிஞர் இராஜாஜி. அவரை வினவும் வரிசையில் தலச்சேரி வழக்கறிஞர்.

1957இல் பக்கம் மாறியது. ஈ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் சட்டமும் சிறையும் அவர் பொறுப்பில் வந்தன. சிறைச் சீர்திருத்தத்துக்கும் ஏழையர்க்கான சட்ட உதவிக்கும் அவர் வழிகண்டார். ஆயினும் அதே ஆட்சியில்தான், 1958இல், சந்தனத்தோப்பில் காவலர் துப்பாக்கிக்குத் தொழிலாளர் பலியாயினர். அமைச்சரவையில் நல்லார் ஒருவர் இருத்தல் அந்த ஆட்சியின் செயல்களுக்கு விடையாகிவிடாது. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்கத் தேவையில்லை.

பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1975 ஜூனில், பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மேல்முறையீடு அவர்முன் வந்தது. ஜூன் 24ஆம் நாள் அவர் அளித்தது நிபந்தனையோடு கூடிய தடையாணை: பிரதமராகத் தொடரலாம், உறுப்பினராக அவையில் வாக்களித்தல் ஆகாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

அவருடைய தீர்ப்புகளுள் இந்நகருக்கு மிக அண்மையது 1980ஆம் ஆண்டின் ரத்லாம் வழக்கு. மத்தியப் பிரதேசத்து நகரம் அது. திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காத மக்கள் நகராட்சியின்மேல் முறையிட்டனர். பணமில்லை என்றது நகராட்சி. கடமையைச் செய்யாமைக்குப் பணமின்மை சாக்காகாது என்றது தீர்ப்பு. பௌர்ணமிதோறும் மலைவலம் வருவோர் வெள்ளமெனத் திரளும் திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. குடிநீரும் கழிப்பிடமும் துப்புரவும் இங்கே விழாக்கால ஏற்பாடுகள் அல்ல. கேட்டுப் பெறத்தக்க கடமைகள் என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகிறது.

ஆதலின் வழக்கறிஞர் கரைவேட்டி கட்டுவதில் குற்றமில்லை. தன் கட்சி ஆளும்போது, பிறர் கட்சி ஆண்டபோது கேட்ட அதே வினாவை, அதே உரத்த குரலில் கேட்கிறாரா என்பதே உரைகல். தகவல் அறியும் உரிமைக்கென 1997இலேயே சட்டம் இயற்றி மாநிலங்களுக்கு முன்சென்றது தமிழ்நாடு. சட்டம் மட்டும் வினவாது. வினவ ஒரு நா வேண்டும்.

பாவலரும் சொல்லால் வாழ்பவரே. வேண்டியவர் ஆட்சியில் வாழ்த்துப்பா பாடுவதும், வேண்டாதவர் ஆட்சியில் மட்டும் அறம் பாடுவதும் அவர்க்கும் எளிது. வழக்கறிஞர்க்கு வைத்த உரைகல்லைப் பாவலர் தம் நாவிலும் உரைத்துப் பார்ப்பது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு நல்ல தொடக்கமாகும்.