பத்திலொரு பங்கு யாருடையது?

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பொன்விழா என்றதும் கோபுரத்துக்குப் புதுச் சாயமும், கொடிமரமும், வாணவேடிக்கையும் நம் கண்முன் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஆகவே சில மாதங்களாக ரசீதுப் புத்தகம் நம் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கியது. சிலர் மனமுவந்து கொடுத்தோம். சிலர் முகம் சுளித்துக் கொடுத்தோம். கொடுக்க வகையின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் நம்மில் உண்டு. அந்தச் சாத்திய கதவை மனதில் வைத்துக்கொண்டே, காணிக்கையின் ஞானப்பொருளை இன்று சிந்திப்போம்.

பத்திலொரு பங்கு கொடுக்கும் வழக்கம் மோயீசன் காலத்துக்கும் முந்தியது. போரில் வென்று திரும்பிய ஆபிரகாமுக்கு எதிரே, சாலேமின் அரசரும் குருவுமான மெல்கிசேதேக் அப்பமும் இரசமும் கொண்டுவந்து, அவரை ஆசீர்வதித்தார். அதன்பின் ஆபிரகாம் எல்லாவற்றிலும் பத்திலொரு பங்கை அவருக்குக் கொடுத்தார் என்று ஆதியாகமம் 14ஆம் அதிகாரம் கூறுகிறது. இங்கே வரிசையைக் கவனிப்போம். முதலில் ஆசீர்; பிறகு காணிக்கை. ஆசீர்வாதத்தை விலைக்கு வாங்க ஆபிரகாம் கொடுக்கவில்லை. பெற்றுக்கொண்டதற்கு நன்றியாகவே கொடுத்தார். அப்போது அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை, ரசீதும் இல்லை.

பின்னர் மோயீசன் வழியாக அது சட்டமாயிற்று. தானியத்திலும், கனியிலும், மந்தையிலும் பத்தில் ஒன்று ஆண்டவருக்குரியது என விதிக்கப்பட்டது. ஆண்டவருக்குரியது என்றால் அது எங்கே போயிற்று? இஸ்ராயேலில் நிலபுலன் இல்லாத கோத்திரம் லேவியர் கோத்திரம். ஆலயப் பணியே அவர்களுக்குச் சொத்து. ஆகையால் அந்தப் பங்கு அவர்களுடைய பிழைப்புக்கு விடப்பட்டது. ஆனால் வாங்கிய லேவியரும் தாம் வாங்கியதில் பத்திலொன்றைக் காணிக்கையாக்க வேண்டும் என்று எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வாங்குகிறவனும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதை நாம் மறக்கலாகாது.

உபாகமம் 14ஆம் அதிகாரம் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மக்கள் தம் பத்திலொரு பங்கை ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், அவர் திருமுன் குடும்பத்தோடு உண்டு மகிழ வேண்டுமாம்! நம் தெற்குச் சீமைத் திருவிழாக்களில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனத்தை இது நினைவூட்டவில்லையா? மூன்றாம் ஆண்டிலோ, அந்தப் பங்கை ஊரிலேயே சேர்த்து வைக்க வேண்டும். லேவியனோடு அந்நியனும், அநாதையும், விதவையும் வந்து வயிறார உண்பதற்கே அது வைக்கப்பட்டது. ஆக, சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பவர் கொடுக்கத் தவறியவர் மட்டுமல்லர். அந்தப் பங்கைப் பெற உரிமை உள்ளவரும் அவரே.

இதை மறந்த காலத்தில்தான் தீர்க்கதரிசி மலாக்கியாஸ் எழுந்தார். முழுப் பங்கையும் ஆலயக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்தால் வானத்தின் மதகுகளைத் திறப்பதாக ஆண்டவர் வாக்களிக்கும் வசனத்தை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஒன்று போட்டால் நூறு கிடைக்கும் என்று வியாபாரம் பேசுவோரும் இவ்வசனத்தையே எடுக்கிறார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது? கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பவனுக்கும், விதவையையும் அநாதையையும் ஒடுக்குபவனுக்கும் எதிராக ஆண்டவரே சாட்சியாய் வருவார் என்று இருக்கிறது. கூலியைக் குறைத்து மிச்சப்படுத்திய பணத்தில் பீடத்துக்குப் பளிங்குக்கல் பதிப்பித்தால், அது காணிக்கையாகுமா?

நம் ஆண்டவரும் இதையே போதித்தார். புதினாவிலும் சீரகத்திலும்கூட பத்திலொன்று கணக்குப் பார்த்துச் செலுத்திய பரிசேயர், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டதைக் கண்டித்தார். காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. இதையும் செய்யவேண்டும், அதையும் விடலாகாது என்றார். இரண்டு செப்புக்காசு போட்ட ஏழை விதவையைப் புகழ்ந்தார். அந்த விதவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆயினும் மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னே, விதவைகளின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை அவர் கடுமையாக எச்சரிக்கிறார். கொடுத்தவளுக்குப் புகழுரை, வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

ஆதித் திருச்சபை இதை நன்கு உணர்ந்திருந்தது. ஞாயிறு திருப்பலியில் வசதியுள்ளோர் விரும்பியபடி கொடுப்பதையும், அது தலைவரிடம் சேர்க்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவாவதையும் 2ஆம் நூற்றாண்டில் வேதசாட்சியான புனித ஜஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதுகையில் பத்திலொன்று என்று கணக்குச் சொல்லவில்லை. அவரவர் மனதில் தீர்மானித்தபடி, வருத்தமோ கட்டாயமோ இன்றி, முகமலர்ச்சியோடு கொடுக்கச் சொன்னார்.

காலம் மாறியது. 585ஆம் ஆண்டு மாக்கோன் நகரச் சங்கம் பத்திலொரு பங்கைச் செலுத்தாதவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கலாம் என்றது. 779இல் சார்லமேன் அரசர் அதை அரசாங்கச் சட்டமாகவே ஆக்கினார். காணிக்கை வரியாயிற்று. பல இடங்களில் அந்த வரி ஏழைக்கும் சேரவில்லை, பங்குக் குருவுக்கும் முழுதாகச் சேரவில்லை. மக்கள் மனம் கசந்தது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்நாட்டில் அது ஒழிக்கப்பட்டது.

ஆனால் தேவனுடைய கிருபை பெரிது! அதே பிரான்சில், லியோன் நகரில், பட்டு வியாபாரி ஒருவரின் மகள் போலின் ஜாரிக்கோ இருந்தார். பட்டாலையில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம், வேதபோதகத்துக்காக வாரம் ஒரு செபமும் ஒரு சூவும் கேட்டார். சூ என்பது பிராங்கில் இருபதில் ஒரு பங்கான சிறு காசு. பத்துப் பேர் ஒரு குழு. ஒவ்வொரு பத்துக்கும் ஒருவர் பொறுப்பு. இவ்வாறு பரவிய முயற்சியிலிருந்து 1822இல் விசுவாசப் பரப்புதல் சபை உருவாயிற்று. சட்டத்தால் பிடுங்கப்பட்ட பத்திலொரு பங்கு ஒழிந்து 33 ஆண்டுகளில், பத்துப் பத்துப் பேராய் மனமுவந்து கொடுத்த காசு கடல் கடந்தது. நம் தமிழ்நாட்டு வேதபோதகங்களுக்கும் அந்த உதவி வந்து சேர்ந்தது. நம்மை ஒருபோதும் கண்டிராத பட்டாலைப் பெண்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஜாரிக்கோ அம்மையார் 1862இல் வறுமையிலேயே மரித்தார். 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லியோனில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

நம் தாய்மாருக்கும் இது புதிதல்ல. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று தனிக்கலயத்தில் எடுத்து வைத்தவர்கள் அவர்கள். கவனியுங்கள்: உண்டு மிஞ்சியதை அல்ல, உலைக்கு முன்னே எடுத்தார்கள். எல்லாம் ஆண்டவர் கொடுத்தது என்ற விசுவாச அறிக்கை அந்த ஒரு பிடியில் அடங்கியிருந்தது. இன்றோ எல்லாச் செலவும் போக மிஞ்சிய சில்லறை உண்டியலுக்கு என்கிறோம். குழல்விளக்கு ஒன்று கொடுத்தால், வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயம் என்று பெயர் எழுதுகிறோம்.

திருவிழா வரி பாக்கி என்பதற்காகத் திருமண ஓலை கேட்கக் கூசி நிற்கும் குடும்பங்கள் உண்டு. பாக்கிக் கணக்கைக் கல்லறைத் தோட்ட வாசலில் பேசும் ஊர்களும் உண்டு. இது திருச்சபையின் சட்டமன்று. வறுமையின் காரணமாக ஏழைகள் தேவதிரவிய அனுமானங்களின் உதவியை இழக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848ஆம் சட்டம் குருக்களுக்கே கடமை விதிக்கிறது. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது நம் அனைவருக்கும் கடமைதான். ஆனால் அவரவர் சக்திக்கு ஏற்றபடி. பத்திலொன்று என்ற அளவு இன்று சட்டமாக இல்லை. வசதியுள்ள நமக்கு அது போதாமலும் இருக்கலாம். ஏழைக்கு அவனுடைய இரண்டு செப்புக்காசே போதும்.

மோயீசன் சட்டத்தில் ஐம்பதாம் ஆண்டே ஜூபிலி ஆண்டு. அன்று அடிமைகள் விடுதலை பெற்றனர். இழந்த நிலம் உரியவரிடம் திரும்பியது. நம் பங்கின் ஐம்பதாம் ஆண்டில் நாமும் மூன்று தீர்மானம் செய்வோம். முதலாவது, வருமானம் கைக்கு வந்த அன்றே, சிறிதாயினும் ஆண்டவரின் பங்கை முதலில் எடுத்து வைப்போம். இரண்டாவது, லேவியரைப்போல நம் பங்கும் தனக்கு வரும் காணிக்கையில் பத்திலொன்றை ஏழைகளுக்கு ஒதுக்கி, அந்தக் கணக்கையும் கோவிலில் வாசிக்கட்டும். மூன்றாவது, இந்த விழாவோடு ஏழைக் குடும்பங்களின் வரிப் பாக்கியை அடித்துவிடுவோம். அவர்கள் பெயரை எவரும் அறிய வேண்டாம்.

இன்று மாலை அசனத்துக்கு இலை போடுமுன், வராத வீடுகள் எவை என்று பார்த்து, நாமே போய்க் கதவைத் தட்டி அழைத்து வருவோம். இம்முறை நம் கையில் ரசீதுப் புத்தகம் வேண்டாம். ஆபிரகாமை ஆசீர்வதித்த ஆண்டவர் நம் பங்கையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.