வீட்டுப் படங்களும் ஆவணங்களும்: சிறிய ஸ்கேனரைத் தேர்ந்தெடுக்கும் முறை

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் உயர்வைப் பற்றிப் பேசுதல் மரபு. நாம் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு சிறு கருவி. புகைப்படங்களையும் பத்திரங்களையும் படியெடுத்துக் கணினியில் சேமிக்க உதவும் ஸ்கேனர் அது. வருடி என்றும் தமிழில் வழங்குவர். இத்துணைப் பெரிய விழாவில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை நம் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் உள்ளது.

அப்பெட்டியைத் திறந்து பார்ப்போம். பாட்டனார் பெயரில் வழங்கிய பட்டா, கிரயப் பத்திரம், தீர்வை ரசீதுகள், தந்தையாரின் பள்ளியிறுதிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதன்முதல் வேலையில் சேர்ந்த ஆணை, இவற்றின் அடியில் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வசதி படைத்தோர் இல்லங்களில் ஒருவருக்கே நூறு படங்கள் இருக்கும். நம் மூத்தோர் பலருக்கு வாழ்நாளில் எடுத்தது ஒரே படம். அதுவும் ஏதோ ஒரு விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக எடுத்ததாக இருக்கும். அது செல்லரித்துப் போனால் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகமே இல்லாமற் போகும்.

காகிதத்தின் மதிப்பை நம் வரலாறு நமக்கு உணர்த்தியிருக்கிறது. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலங்கள் என்று நாம் வழங்குபவை அதன்வழி வந்தவை. நூறாண்டுகளுக்கு மேலான பின்னரும் அந்நிலத்தின்மீது உரிமை பேசப் புகுவோரிடம் முதலில் கேட்கப்படுவது காகிதமே. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் எழுத்துகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வெளிவந்தன. பழைய இதழ்களைப் போற்றிக் காத்தவர்கள் இருந்தமையாலன்றோ அது இயன்றது! 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் சான்றிதழ்களை இழந்தோர் பலர். அவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த நேர்ந்தது. மூலம் தொலைந்தாலும் அதன் படி ஒன்று கையிலிருந்தால், பத்திர எண், ஆண்டு, சர்வே எண், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சான்றிட்ட நகல் கோரலாம். எண்ணே தெரியாதவர் எதைக் கேட்பார், எங்கே தேடுவார்?

ஆகவே படியெடுத்தல் இன்றியமையாதது. ஆயினும் ஒரு நெறியை முதற்கண் வலியுறுத்த விரும்புகிறோம். மூலப் பத்திரம் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. கடைக்குக் கொண்டுசென்று வழியில் தவறவிட்டோரும், நம்பிக் கொடுத்துத் திரும்பப் பெறாதோரும் ஊர்தோறும் உண்டு. பத்திரம் கருவியைத் தேடிச் செல்லாமல், கருவி பத்திரத்தைத் தேடி வரவேண்டும். சிறிய ஸ்கேனரின் பெருமை மேசையில் இடத்தை மிச்சப்படுத்துவது மட்டுமன்று. கைப்பையில் வைத்து எந்த வீட்டிற்கும் கொண்டு செல்ல முடிவதே அதன் உண்மைப் பெருமை.

“கைப்பேசியே போதாதா?” என்று இளைஞர்கள் வினவலாம். அவசரத்திற்கு ஒரு சான்றிதழை அனுப்பப் போதும். ஆனால் பளபளப்பான படத்தின்மீது விளக்கொளி பட்டுத் தெறிக்கும். சற்றே சாய்த்துப் பிடித்தாலும் உருவம் கோணும். ஒளி ஒரு பக்கம் மிகுந்தும் ஒரு பக்கம் குறைந்தும் விழும். அன்றியும், படியெடுக்கும் செயலிகள் சில நம் ஆவணங்களைத் தம் நிறுவனக் கணினிகளுக்கு அனுப்பிவிடுகின்றன. பலரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனர் என்னும் செயலி, 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் ஒன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அச்சிடும் இயந்திரத்தோடு இணைந்த ஸ்கேனர் ஏற்கெனவே வீட்டிலிருந்தால் பத்திரங்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும். புதிதாகச் செலவிட வேண்டா. தாளை உருளைகளால் உள்ளிழுக்கும் வகை ஒன்று உண்டு. மடிப்பில் இற்றுப்போன பட்டாவையும், ஓரம் சுருண்ட படத்தையும் அதில் ஒருபோதும் இடலாகாது; உருளை கிழித்துவிடும். பழம்பொருளுக்கு ஏற்றது, கண்ணாடித் தட்டின்மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் பிளாட்பெட் வகையே. அதில் தாள் அசையாமல் கிடக்கும். ஒளிக்கற்றையே அடியில் நகர்ந்து செல்லும்.

இவ்வகையிலும் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று, சி.ஐ.எஸ். என்பது. கண்ணாடியை ஒட்டியே உணரிகள் வரிசையாக அமைந்திருக்கும்; சிறு எல்.இ.டி. விளக்குகள் ஒளி தரும். ஆதலால் கருவி மெலிந்தும் எடை குறைந்தும் இருக்கும். கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. கம்பியின் வழியாகவே மின்சாரம் பெறுவதால், மின்வெட்டு நேரத்திலும் மடிக்கணினியைக் கொண்டு இயக்கலாம். மற்றொன்று, சி.சி.டி. என்பது. கண்ணாடிகளும் லென்சும் கொண்டது, பருமனானது, தனி மின்இணைப்பு வேண்டுவது.

மெலிந்த வகைக்கு ஒரு குறை உண்டு. அதை அறிந்தே வாங்க வேண்டும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே அது தெளிவாகக் காணும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் உருவம் மங்கும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு மங்கலாவது இதனாலேயே. சுவரில் மாட்டிய படம் ஈரத்தால் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிரிக்க முயல்வது படத்தையே உரிப்பதாகும். கண்ணாடியோடு வைத்துப் படியெடுக்கச் சி.சி.டி. வகையே உதவும். பிலிம் நெகட்டிவ்கள் இருப்பின், மூடியில் ஒளியமைப்புக் கொண்ட சி.சி.டி. வகையே வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் இத்தகையவை ஒன்றிரண்டே இருக்கும். அவற்றை வசதியுள்ள ஸ்டுடியோவில் நாம் உடனிருந்து படியெடுத்து, கையோடு திரும்பக் கொணரலாம். பெட்டியிலுள்ள மற்றவற்றுக்கு மெலிந்த வகையே போதுமானது.

அடுத்து, விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணும் எண்களுக்கு வருவோம். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைக் கருவி பிரித்தறியும் என்பதே டி.பி.ஐ. எனப்படுவது. எண் பெரிதானால் கருவி சிறந்தது என்று மயங்கலாகாது. 4 அங்குலத்திற்கு 6 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.யில் எடுத்தால் 2,400-க்கு 3,600 என 86 லட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். சுருக்காத கோப்பின் அளவு ஏறத்தாழ 26 மெகாபைட். அதே படத்தை 4,800 டி.பி.ஐ.யில் எடுத்தால் கோப்பு 1,600 மெகாபைட்டைக் கடக்கும். ஆனால் காகிதப் படத்தில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. பெரிதாகத் தெரிவது காகிதத்தின் இழையே. ‘ஆப்டிகல்’ என்று குறித்த எண்ணே கருவி உண்மையாகக் காண்பது; மென்பொருள் இடைநிரப்பிப் பெருக்கிக் காட்டும் எண்ணை ஒதுக்கிவிடுக. 1,200-க்கு 2,400 என இரண்டு எண்கள் இருந்தால் சிறிய எண்ணையே கணக்கிற் கொள்க.

நம் தேவைக்கு மூன்று அளவுகளை மனத்தில் இருத்தினால் போதும். பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் 300. சாதாரணப் புகைப்படங்களுக்கு 600. விண்ணப்பத்திற்கு எடுத்த சிறு படங்களுக்கு 1,200. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் உள்ள ஒரு முகப்படத்தை 1,200-இல் எடுத்தால், மூலம் தெளிவாக இருக்கும்பட்சத்தில், நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்காக்கி, 14-க்கு 18 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். விண்ணப்பத்திற்காக எடுத்த பாட்டியின் முகம் கூடத்தில் இடம்பெறும்.

இன்று சந்தையில் அறிமுகமான சிறிய வகைகளுள் கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்ஷன் வி39 இரண்டாம் பதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிடலாம். மூன்றுமே சி.ஐ.எஸ். வகை, மூன்றுமே யு.எஸ்.பி. மின்சாரத்தில் இயங்குபவை, எடை இரண்டு கிலோவுக்குள் அடங்குபவை. முதலாவது 2,400 டி.பி.ஐ. வரையிலும் மற்ற இரண்டும் 4,800 டி.பி.ஐ. வரையிலும் காணும். நமக்கு வேண்டிய மிகப்பெரிய அளவு 1,200 என்று கண்டோம். எனவே எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை. மூடி உயர்ந்து கொடுக்கிறதா, கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்; தடித்த குறிப்பேட்டுக்கு அது உதவும். வீட்டுக் கணினியின் இயங்குதளத்திற்கு ஏற்ற டிரைவர் மென்பொருள் உண்டா என்பதை வாங்குமுன் உறுதி செய்யுங்கள். பழைய கருவியை மலிவாகப் பெறுவோர் இதில் இருமடங்கு எச்சரிக்கை கொள்க. கருவி நன்றாயிருந்தும் மென்பொருள் இல்லாமற் கிடப்பவை பல.

இன்னொன்று: இக்கருவிகளின் கண்ணாடி ஏ4 தாளளவு, அதாவது 297 மில்லிமீட்டர் நீளம் உடையது. நம் முத்திரைத்தாள் பத்திரங்களோ ஏறத்தாழ 14 அங்குலம், அதாவது 356 மில்லிமீட்டர் நீளமுள்ளவை. ஒரே தடவையில் அடங்கா. மேற்பாதியை ஒரு முறையும் கீழ்ப்பாதியை ஒரு முறையும், நடுவில் சில வரிகள் இரண்டிலும் வருமாறு எடுக்க வேண்டும். கீழ்ப்பாகத்தில்தான் கையொப்பமும் முத்திரையும் இருக்கும். அதை விட்டுவிட்டால் படியெடுத்தும் பயனில்லை.

படியெடுக்கும் முறை பற்றியும் சில சொல்வோம். பத்திரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுங்கள். நீல மையும் சிவப்பு முத்திரையும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும், பத்திரத்தின் பின்னால் பதிவுக் குறிப்பும் இருக்கும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு எடுங்கள். வெப்பத்தால் அச்சிட்ட ரசீதுகள் நாளடைவில் வெளுத்துவிடும். அவற்றை முதலில் எடுங்கள். படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர். மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். புகைப்படத்தை ‘டிஃப்’ கோப்பாகவும், பத்திரத்தை ‘பி.டி.எஃப்.’ கோப்பாகவும் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஊர், ஆளின் பெயர் இருக்கட்டும். படத்திலுள்ளோர் யாவர் என்பதை மூத்தோரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். அந்த அறிவை எந்தக் கருவியாலும் பின்னர் மீட்க இயலாது. ஒரு படி கணினியிலும், ஒரு படி தனி வன்தட்டிலும், மற்றொரு படி வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

நாமே எடுத்த படி, மூலத்திற்கு ஈடாகாது என்பதையும் மறவற்க. அரசுத்துறையே டிஜிலாக்கரில் வழங்கும் சான்றிதழுக்குச் சட்ட மதிப்பு உண்டு. நாம் ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அம்மதிப்பு இல்லை. எனவே படியெடுத்த பின்னும் மூலத்தைக் கரையானும் ஈரமும் அணுகா இடத்தில் பேணுக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் ஒரு கருவி வாங்க வேண்டுவதில்லை. பெட்டி முழுவதையும் படியெடுக்கச் சில நாள் போதும். அதன்பின் கருவி சும்மா கிடக்கும். நம் கழகமே சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கட்டும். மடிக்கணினி வைத்திருக்கும் இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் ஒரு வீட்டிற்குச் செல்லட்டும். வீட்டாரின் கண்முன்னே, அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே, அவர்கள் காட்ட இசைவதை மட்டும் படியெடுக்கட்டும். கோப்புகளை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு, இசைவின்றி ஒரு படியைக்கூடத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் திரும்பட்டும். ஆண்டுக்கு 50 வீடுகள் நிறைவுறும்.

கல்வி கற்ற இளைஞர்களே! மூத்தோர் தம் எழுத்தறியாக் கைகளால் அக்காகிதங்களை மடித்து மடித்துக் காத்துத் தந்தனர். அவற்றிலுள்ளதைப் படிக்க அவர்களுக்கு வாய்ப்பில்லை, உங்களுக்கு உண்டு. வரும் ஞாயிறன்று முதலில் உங்கள் வீட்டுப் பெட்டியையே திறவுங்கள்.