முதுமைக்குத் துணை யார்?



குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கு முன்னோடியாக நின்ற மாநிலம் நம்முடையது. அதன் பலனை அனுபவித்தோம். இப்போது அதன் மறுபக்கத்துக்கு வந்திருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தொட்டவர்கள். 2031இல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்பது அரசு வல்லுநர் குழுவின் மதிப்பீடு. கேரளம் இருபதைத் தாண்டிவிடும்.

முதியோர் பெருகும் இந்தச் சுமை மருத்துவத் துறையில் எங்கே இறங்குகிறது? படுக்கை போதவில்லை, டாக்டர் போதவில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. வந்த நோயைத் தீர்த்து ஆளை வீட்டுக்கு அனுப்பவே மருத்துவமனை கட்டப்பட்டது. முதுமையின் நோய்களோ தீர்ந்துபோவதில்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, மறதி என்று நாலைந்து சேர்ந்து வந்து, கடைசிவரை கூடவே இருக்கின்றன.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. 70 வயது நிரம்பிய எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் பாரத் 2024இல் விரிவாக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆன சில நாளோடு அந்த உதவி நின்றுவிடும். பிறகு எழுப்பி உட்காரவைக்க, புரட்டிப் படுக்கவைக்க, கைபிடித்துக் கழிவறைக்கு அழைத்துப்போக யார் இருக்கிறார்கள்? மகன் வெளியூரில், மருமகள் வேலைக்குப் போகிறார். படுக்கைப்புண்ணோடு அதே மூதாட்டி அதே வார்டுக்குத் திரும்புகிறார். வார்டு நிரம்புவது இப்படித்தான்.

ஜப்பான் இதை நமக்கு முன்பே பார்த்துவிட்டது. 1973இல் 70 வயது நிரம்பியவர்களுக்கு அங்கே மருத்துவம் இலவசமானது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள், சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். செலவு தாங்காமல் 1983இல் கட்டணம் திரும்ப வந்தது. 2000 ஏப்ரலில் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கினார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. முதியவரின் இயலாமையை மதிப்பிட்டு, அதற்கேற்ப வீட்டுக்குப் பணியாளரை அனுப்புகிறார்கள். பணியாளர் பற்றாக்குறை அங்கும் தீரவில்லை. ஆனாலும் பராமரிப்பை மருத்துவத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்கு எழுதியது பெரிய காரியம்.

நமக்கும் அடித்தளம் இருக்கிறது. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்தது. இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையாளரும் நோயாதரவுச் செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள்.

இதன்மேல் மூன்று காரியங்கள் செய்யலாம். மாத்திரை கொண்டுவரும் பெண்ணே கண்பார்வை, கால்வலு, வழுக்கும் தரை, குளியலறைக் கைப்பிடி ஆகியவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். ஒருவர் விழாமல் காப்பது அறுவைச் சிகிச்சையைவிட மலிவு. அடுத்து, முதியோர் பராமரிப்பைப் பயிற்சியும் சான்றிதழும் நியாயமான சம்பளமும் உள்ள தொழிலாக்க வேண்டும். இன்று பல வீடுகளில் இந்த வேலைக்கு வருபவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது, உள்ளாட்சியின் பொறுப்பு. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய நோயாதரவுப் பணி, 2008இல் கேரள அரசின் கொள்கையாகி, ஊராட்சிகள் நடத்தும் வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்தது. பக்கத்து மாநிலத்தால் முடிந்தது நம்மாலும் முடியும்.

‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் அது மனைவியோ மகளோ மருமகளோ சம்பளமின்றிச் சுமக்கும் வேலை. அவர்களுக்குத் துணையாக ஓர் ஆளை அனுப்பாத வரை எத்தனை மாடி மருத்துவமனை எழுப்பினாலும் அது நிரம்பி வழியும். இனி உங்கள் ஊரில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினால் கைதட்டுங்கள். கூடவே, வீடுகளுக்குப் போக எத்தனை செவிலியரை நியமிக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.