சார் மூடு எப்படி?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற ஐ.டி. அலுவலகங்களில் காலையில் ஒரு விசாரிப்பு ஓடும்: "சார் வந்துட்டாரா? மூடு எப்படி?" பதில் சரியில்லையென்றால், லீவு கேட்க வந்தவர் மதிய டீ வரைக்கும் வாய் திறக்க மாட்டார்.

அந்த மூடு பெருங்குடி தாண்டும் முன்பே கெட்டிருக்கும். மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவே தடுப்பு. நேற்று நாற்பது நிமிடத்தில் வந்த தூரம் இன்று ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும். ஏன் நிற்கிறோம், எப்போது நகர்வோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

அமெரிக்காவில் நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற இருவர் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயண நேரம் கூடக் கூட, பயணிகளின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடியிருந்தது. ஒரு தாளைக் கொடுத்துப் பிழை திருத்தச் சொன்னார்கள். நெடுநேரம் பயணம் செய்தவர்கள் அதில் பின்தங்கினார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் ஸ்டீயரிங் இல்லை.

பிழை பார்ப்பது மேனேஜரின் காலை வேலையில் பாதி. முதல் மீட்டிங்கில் ஒரு ரிப்போர்ட் வருகிறது. மூன்றாம் பக்கத்தில் ஓர் எண் தவறு. மற்ற நாளென்றால் "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்பதோடு முடிந்திருக்கும். இன்று பத்துப் பேர் நடுவே, "யார் இதை செக் பண்ணினது?" அடுத்த முறை தவறு கண்ணில் பட்டாலும் அந்தப் பெண் சொல்ல மாட்டார், மூடி மறைப்பார். நிர்வாகத்துக்கு உண்மையான நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வந்த ஜூனியரிடம் "ஏன் லேட்?" என்று கேட்பவர், அவருக்குப் பின்னால் ஏசி காரில் வந்து இறங்கியவராகவும் இருப்பார். மேனேஜரின் லேட்டை யார் கேட்பது!

மூச்சுப் பயிற்சி, காரில் மெல்லிசை என்று யோசனைகள் நிறைய. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை கிடையாது. லாரிக்காரர் பின்னால் ஹாரனை அமுக்கும்போது எந்த மூச்சை அடக்குவது? ஒன்பதரை மணி மீட்டிங்கைப் பதினொன்றுக்குத் தள்ளிப் பாருங்கள், காசு செலவில்லை. வந்தவுடன் காபி குடியுங்கள், மெயில் படியுங்கள். பதில் மட்டும் பிறகு அனுப்பலாம். வெளிநாட்டு க்ளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே காலை ஒன்பதரை என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு. அந்த மீட்டிங்குக்கு அவர் வருவதே இல்லை.