ஓட்டத் தெரியும், ஓட்டலாமா?



போன கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அக்கா, நான் பவானிசாகர் முகாமில இருந்தப்போ எட்டு வருஷம் வேன் ஓட்டினவன். இந்தியா லைசன் கையில இருக்கு. ஹட்டன்ல ஆட்டோ ஒண்ணு வாடகைக்கு வருது. நாளைக்கே எடுக்கட்டா?"

உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். கையில் இருக்கும் தொழில் அது ஒன்றுதான் என்றால், ஒரு நாள் காத்திருப்பதும் கஷ்டம்தான். அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு எடுக்காதீர்கள். ஆனால் எடுப்பதற்கு வழி இருக்கிறது. அந்த வழியை இன்றே தொடங்குங்கள்.

முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டில் 'ஓட்டுநர் உரிமம்' என்றார்கள். இங்கே அது 'சாரதி அனுமதிப்பத்திரம்'. படிவத்திலும் அலுவலகத்திலும் இந்தச் சொல்லைத்தான் காண்பீர்கள். கொடுப்பது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம். அதன் சாரதி அனுமதிப்பத்திரப் பிரிவு கொழும்பை அடுத்த வெரஹெரவில் இருக்கிறது.

சிலர் 'சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தால் போதும்' என்று சொல்லியிருப்பார்கள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி கொடுக்கப்படும் பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது வந்து போகும் பயணிக்கானது. நீங்கள் வந்து போக வரவில்லை, ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். இங்கே வாழ்ந்து உழைக்க இந்த நாட்டு அனுமதிப்பத்திரம்தான் வேண்டும்.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காட்டி இலங்கைப் பத்திரம் பெறும் நடைமுறை திணைக்களத்தில் உண்டு. அதனால் உங்கள் இந்தியக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இன்றே திருப்பிப் பாருங்கள். உங்கள் உறவினர் யாராவது இன்னும் முகாமில் இருந்தால், புறப்படும் முன் அதைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அதைப் புதுப்பிப்பது லேசான காரியம் இல்லை.

எந்தப் பத்திரத்துக்கும் முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் குடியுரிமையும் வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலையகத்திலிருந்து போனவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2009இல் திருத்தப்பட்டது. இந்தியாவுக்கு இடம்பெயர்ந்து போனவர்களுக்காகவே அந்தத் திருத்தம் வந்தது. இதில் சந்தேகம் உள்ளவர்கள் கிராம உத்தியோகத்தரிடமும் எங்கள் உதவி மேசையிலும் கேளுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பெயர்தான். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, முகாம் அட்டையில் வேறோர் எழுத்து, இந்திய லைசனில் அப்பாவின் முதலெழுத்து முன்னால். மூன்றும் ஒருவரே என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எல்லாப் பத்திரத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வெரஹெரவுக்குப் பஸ் ஏறும் முன்பே சொல்லுங்கள்.

அடுத்தது, வாகன வகை. இந்தியாவில் எல்.எம்.வி. என்று போட்டிருக்கும். இங்கே வகுப்புகள் வேறு: மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ', முச்சக்கரவண்டிக்கு 'பி1', காருக்கும் வேனுக்கும் 'பி', சிறிய லொறிக்கு 'சி1', லொறிக்கு 'சி', பஸ்ஸுக்கு 'டி'. எதை ஓட்டிப் பிழைக்கப் போகிறீர்களோ, அந்த வகுப்பு உங்களுக்குக் கிடைக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழும் தேவைப்படும். பழைய கார்டு இல்லாதவர்கள் பயிலுனராகப் புதிதாகத் தொடங்கலாம். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம்.

தரகர்கள் வருவார்கள். "ஐயா, ஒரு வாரத்தில் எடுத்துத் தாறேன்" என்பார்கள். மூலப்பத்திரத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். போட்டோக் கொப்பி எடுத்து வீட்டிலும் வையுங்கள்.

"பொலிஸ் மறித்தால் தண்டப் பணம் கட்டிவிட்டுப் போகலாம்தானே?" என்று ஒருவர் கேட்டார். தண்டப் பணம் பெரிய தொகைதான், ஆனால் எனக்குப் பயம் அதைப் பற்றி அல்ல. செல்லுபடியான பத்திரம் இல்லாதவர் ஓட்டி ஒருவர் காயப்பட்டால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். அடிபட்டவரின் செலவு உங்கள் தலையில் விழும். மீள்குடியேற்றத்துக்குக் கிடைத்த பணமும் மனைவியின் தோடும் அதில் போய்விடும். வண்டியைத் தந்த உரிமையாளரும் வழக்கில் மாட்டுவார்.

இனி வீதியைப் பற்றி. அங்கேயும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் ஈரோட்டுச் சமவெளியும் ரம்பொடை வளைவும் ஒன்றல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த பாடத்தையே சொல்கிறேன். எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். காலையில் வீதி ஓரமாகப் பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்துக்குப் போகும் பெண்களும் நடப்பார்கள், அவர்களுக்கு நடைபாதை கிடையாது. பாதசாரிக் கடவையில் ஆள் நின்றால் நிறுத்துங்கள். விபத்து நடந்தால் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

பத்திரம் வரும்வரை அந்தத் தம்பி சும்மா இருக்கவில்லை. ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அவருடைய மாமாவின் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை வளைவுகளைப் பார்த்துப் பழகுகிறார். அடையாள அட்டை வந்துவிட்டது. அடுத்த மாதம் வெரஹெரவுக்குப் போகிறார்.

நீங்கள் இத்தனை வருடம் கழித்து ஊர் வந்து சேர்ந்தவர்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து, பத்திரத்தோடு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, எல்லாப் பத்திரங்களையும் ஓர் உறையில் போட்டு எடுத்து வாருங்கள். மேசையில் நாங்கள் இருக்கிறோம்.