சித்திரக்கதை வளர்த்த வாசகன்



வாசிப்பில் பிரியம் எவ்வாறு பிறக்கிறது என்பது குறித்து இந்த வாசகர் வட்டத்தில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். என் பாலியப் பருவத்தில் எழுத்தின் மேல் எனக்குத் தீராத பிரியத்தை உண்டாக்கியது, 1972-ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியிலிருந்து வெளியிடத் தொடங்கிய முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வரிசையே என்பதை நன்றியறிதலோடு இந்தச் சபையில் சொல்லிக்கொள்கிறேன்.

அவ்வரிசையின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் தோன்றி, ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணத்தால் உருப்பெற்ற அக்கதாநாயகன், வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் மேனி முழுவதும் மறைந்துபோக, அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

அத்தகைய கதையில் ஒரு சித்திரக் கட்டத்தில் அவன் விரல் மின்கம்பியைத் தொடுகிறது என்றும், அடுத்த கட்டத்தில் ஆளரவமற்ற அறையில் ஒரு கை மட்டும் கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் வரைந்ததும் இல்லை, எழுதியதும் இல்லை. உடல் மறைந்ததையும், அவன் ஓசையின்றி நடந்ததையும், காவலாளி ஏமாந்து நின்றதையும் படிக்கிற பிள்ளையே தன் கற்பனா சக்தியால் நிரப்பிக்கொள்கிறது. எழுதாததையும் சேர்த்துப் படிக்கும் இந்த அப்பியாசம் சிறு வயதிலேயே வாய்த்திருந்தமையால்தான், பின்னாளில் புதுமைப்பித்தன் தம் சிறுகதைகளில் சொல்லாமல் விட்ட இடங்களில் என்னால் நின்று யோசிக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னொன்றும் சொல்வேன். பேச்சுக்கு ஒரு வளையம், மனத்தில் எண்ணுவதற்கு மேகம் போன்ற வேறொரு வளையம், கதை சொல்பவரின் வாசகத்துக்குக் கட்டத்தின் மேல் ஒரு பட்டை என்று வகுத்திருப்பதால், ஒருவன் வாயால் ஒன்று சொல்லி நெஞ்சில் வேறொன்று நினைக்கக்கூடும் என்ற நாவல் கலையின் சூட்சுமத்தை, அதன் பெயரே அறியாமல் பிள்ளைகள் கிரகித்துக்கொள்கிறார்கள்.

படம் பார்க்கப் பழகிய பிள்ளை எழுத்தைப் படிக்காது என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. படம் முகத்தைக் காட்டிவிடும். அம்முகம் ஏன் வெளிறியது என்று அறிய எழுத்தைத்தான் நாட வேண்டும். 1960-இல் தினத்தந்தி நாளிதழில் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரத்தொடர் நாள்தோறும் சில கட்டங்களாகவே வந்தது. முடிதிருத்தும் கடையில் முறைக்குக் காத்திருந்த பெரியவர்கள்கூட அதை விரல்வைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போக வாய்க்காதவர்களையும் அது எழுத்தின் அருகே அழைத்து வந்ததே, அது சாமானியமான தொண்டா?

இனி நூலகத்துக்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அப்பெருமகனாரின் பிரயாசையால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அந்த இரண்டாவது விதி வயது வந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. எட்டு வயதுப் பிள்ளையும் முழு வாசகனே. அவனுக்குரிய நூல் எது என்பதைத் தீர்மானிப்பதில் அவனுடைய ஆசைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆகவே நூலகர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். சிறுவர் பகுதியில் சித்திரக்கதைகளுக்கென்று, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதியுங்கள். தாள் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அந்த அலமாரி வெறுமையாகத் தொடங்க வேண்டாம் என்பதற்காக, நான் சேர்த்து வைத்துள்ள முத்து காமிக்ஸ் இதழ்களையும், 1984 முதல் வெளிவரும் லயன் காமிக்ஸ் இதழ்களையும், இக்கூட்டம் முடிந்தவுடன் அவரிடம் ஒப்படைக்கிறேன்.